பொத்தான் பூட்டப் பழகும் கைகள்

கண்டிக்கு அருகிலுள்ள குண்டசாலையில் பாடசாலை வான் வாசலுக்கு வருமுன் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று செய்து முடிக்க வேண்டிய வேலைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். விடியற்காலைக் குளிரில் போர்வையை விட்டு எழும்ப வேண்டும். பற்பசையின் காரத்தைப் பொறுத்துக்கொண்டு பல் விளக்க வேண்டும். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டைக்குள் கைகளை நுழைத்து, பொத்தான்களைச் சரியான துளைகளில் பூட்டி, காலுறையின் தையல் விரலில் உறுத்தாமல் இழுத்துவிட்டு, சப்பாத்து லேஸை முடிச்சுப் போட வேண்டும். இடையில் இரண்டு துண்டு பாணும் சம்பலும் வயிற்றுக்குள் போக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் இரண்டு அதட்டலோடு செய்துவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு இவற்றில் ஒவ்வொன்றும் அழுகையிலும் சண்டையிலும் முடிகிறது. அம்மா அதைப் பிடிவாதம் என்கிறார். ஆசிரியர் சோம்பல் என்கிறார். அம்மம்மாவோ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக மகளையே குறை சொல்கிறார். பிள்ளையின் நரம்பு மண்டலத்துக்குள் நடப்பது இந்த மூன்றும் இல்லை.

ஆட்டிசம், கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் வளர்ச்சிக் குறைபாடு, வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் இடர்ப்பாடு ஆகியவற்றோடு வளரும் பிள்ளைகளின் மூளை பெரும்பான்மையோரின் மூளையிலிருந்து வேறுபட்ட விதத்தில் தகவலைக் கையாள்கிறது. இந்த வேறுபாட்டை மனித இனத்தின் இயல்பான பன்மையாகப் பார்க்க வேண்டும் என்ற வாதத்தை 1998இல் அவுஸ்திரேலிய சமூகவியலாளர் ஜூடி சிங்கர் தம் ஆய்வேட்டில் முன்வைத்தார். பிள்ளையைத் திட்டித் திருத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கு அது பெரிய மறுப்பு. அதே வேளையில், சட்டை போட முடியாத பிள்ளையின் கஷ்டம் நிஜமானது. அந்தக் கஷ்டத்தோடு நேரடியாக வேலை செய்யும் துறைதான் தொழில்வழிச் சிகிச்சை.

1917இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு கட்டடக் கலைஞர், ஒரு மனநல மருத்துவர், ஒரு சமூக சேவகி உள்ளிட்ட சிறு குழு கூடி இத்துறைக்கான முதல் சங்கத்தை அமைத்தது. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, 1950இல் மும்பையில் ஆசியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இலங்கையில் நீண்ட காலம் கொழும்புத் தேசிய வைத்தியசாலையோடு இணைந்த பயிற்சிப் பாடசாலையின் டிப்ளோமாதான் இத்துறைக்கான வழி. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் பட்டப்படிப்பைத் தொடங்கியது பிற்காலத்தில்தான்.

உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் தசை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பார். பேச்சுச் சிகிச்சையாளர் பிள்ளை எப்படித் தொடர்புகொள்கிறது என்று பார்ப்பார். தொழில்வழிச் சிகிச்சையாளரின் கேள்விகள் வேறு: இந்தப் பிள்ளை ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது, என்ன செய்ய ஆசைப்படுகிறது, எந்த இடத்தில் தடை வருகிறது? அந்தத் தடை பிள்ளையின் உடலில் இருக்கலாம், செய்யும் வேலையின் அமைப்பில் இருக்கலாம், வேலை நடக்கும் இடத்திலும் இருக்கலாம். பிள்ளையை மாற்றுவது மட்டுமே வழி என்று நினைத்தால் பாதிச் சிகிச்சை கைநழுவிப் போகும்.

புலன்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஐம்புலன் என்று நாம் படித்த கணக்குக்கு வெளியே இன்னும் சில புலன்கள் இருக்கின்றன. உட்காதிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாக அசைகிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தசைகளுக்குள்ளும் மூட்டுகளைச் சுற்றியும் இருக்கும் நுண்ணிய உணரிகள், கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று அறிவிக்கின்றன. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்ற உள்ளுணர்வுகளைக் கொண்டுசேர்க்கத் தனி வழி உண்டு. பென்சில் முனை அடிக்கடி முறிவது, கதவைப் படார் என்று சாத்துவது, எட்டு வயதிலும் காற்சட்டை நனைவது ஆகியவற்றை ஒழுக்கக் குறைவு என்று தண்டிக்குமுன் இந்தப் புலன்களின் செய்தி சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று யாராவது பார்த்திருக்க வேண்டும்.

செய்தி கூடுதலாகப் போய்ச் சேர்வதும் உண்டு. காலையில் காலுறையை மாட்டும்போது அதை உணர்கிறோம். சில நொடிகளில் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் மாறாத தூண்டுதலை மூளை பழகி ஒதுக்கிவிடுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஷுலமித் கிரீனும் சக ஆய்வாளர்களும் ஆட்டிசமுள்ள பிள்ளைகளை மூளைப் படக் கருவிக்குள் வைத்து, உரத்த ஒலியையும் கரடுமுரடான கம்பளித் துணியின் உரசலையும் கொடுத்துப் பார்த்தார்கள். புலன் மிகையுணர்வு உடைய பிள்ளைகளில், பயத்தையும் ஆபத்தையும் எடைபோடும் அமிக்டலா என்ற பகுதி அதிகமாகக் கிளர்ந்ததோடு, மீண்டும் மீண்டும் அதே தூண்டுதல் வந்தபோதும் அடங்கவில்லை. 2015இல் வெளியான இந்த முடிவை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கண்டி எசல பெரஹெராவில் முதலில் வருவோர் கசையைச் சுழற்றி வெடியோசை எழுப்புகிறவர்கள். பின்னால் கொப்பரை எரியும் தீப்பந்தங்கள், மேளக்காரர்களின் வரிசை, யானைகள், வீதியோரத்தில் தோளோடு தோள் உரசும் சனம். நமக்குப் பத்து நிமிடத்தில் பழகிவிடும் அந்த ஓசை இந்தப் பிள்ளைக்குக் கடைசி யானை போகும்வரை முதல் அடி போலவே விழும். கீழே விழுந்து கத்துகிற பிள்ளை அடம் பிடிக்கிறது என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வது அநியாயம். புலன் எதிர்வினைகளின் இந்த மிகையையும் குறைவையும் ஆட்டிசத்தை அடையாளம் காணும் அளவுகோல்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு சேர்த்ததே 2013இல்தான்.

இந்தப் புலன் சிக்கலை முதலில் சிகிச்சையின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் ஜீன் ஏயர்ஸ். கலிபோர்னியாவைச் சேர்ந்த தொழில்வழிச் சிகிச்சையாளர். புலன்களின் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்து ஒழுங்குபடுத்துவதில் வரும் குழப்பம் கற்றலையும் நடத்தையையும் பாதிக்கிறது என்று 1972இல் வெளியான தம் நூலில் எழுதினார். இன்று சிகிச்சை நிலையங்களில் நாம் காணும் தொங்கு ஊஞ்சல், பெரிய பந்து, ஏறுவதற்கான வலை, பந்துக்குளம் ஆகியவற்றின் மூலம் அவருடைய சிந்தனைதான். பிள்ளைகளின் வினோதச் செயல்களுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது என்று உலகத்துக்கு உணர்த்திய அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் விளக்கம் சரியாக இருப்பதும் அதிலிருந்து பிறந்த சிகிச்சை பலன் தருவதும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இலேயே, புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை எனப்படும் இந்த முறைக்கான ஆதாரம் போதாது என்று பெற்றோருக்குச் சொல்லும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. 2014இல் 32 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. பின்னர் பிரித்தானியாவில் 138 ஆட்டிசப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த பெரிய சோதனை 2022இல் முடிவைத் தந்தது: வழக்கமான பராமரிப்பைவிட ஊஞ்சல் அறைச் சிகிச்சை பிள்ளைகளின் நடத்தையிலோ அன்றாடச் செயல்களிலோ கூடுதல் பலன் எதையும் காட்டவில்லை. எடை கூட்டிய போர்வை தூக்கத்தைத் தரும் என்ற நம்பிக்கையும் 2014இல் 67 பிள்ளைகளிடம் சோதிக்கப்பட்டது. தூங்கும் நேரம் மாறவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது என்பது மட்டும் தெரிந்தது. பிடித்திருந்தால் போர்த்திக்கொள்ளட்டும். அதற்காகக் கடன்பட்டு வாங்கத் தேவையில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழம்பிப்போன பெற்றோரின் கையில் இருக்கும் பணம் கொஞ்சம். அதைக் கருவிகளிலும் அறைகளிலும் செலவழிக்கச் சொல்லும் குரல்கள் எங்கும் கேட்கின்றன. அவுஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் இங்க்ரிட் ஹொனனும் பிள்ளைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சை முறைகளை எல்லாம் திரட்டி 2019இல் எடைபோட்டார்கள். வலுவான ஆதாரம் உள்ளவற்றின் பட்டியலைப் பார்த்தால் மனம் இலேசாகிறது. பிள்ளை கற்க வேண்டிய செயலையே நேரடியாகப் பழக்குவது, பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பது, வீட்டில் செய்யும் திட்டம், சூழலை மாற்றியமைப்பது ஆகியவை அதில் இருக்கின்றன. இவற்றுக்குத் தேவைப்படுவது பொறுமையும், வழிகாட்ட ஒரு தேர்ந்த ஆளும்.

பொத்தானையே எடுத்துக்கொள்வோம். விரல்களுக்கு வலுவூட்டுகிறோம் என்று மாதக்கணக்கில் களிமண் பிசையவைத்தால் பிள்ளை களிமண் பிசைவதில் தேர்ந்துவிடும். பொத்தான் பூட்டப் பழக வேண்டுமானால் பொத்தானைத்தான் பூட்ட வேண்டும். சிகிச்சையாளர் அந்த வேலையைச் சிறு படிகளாக உடைத்து, கடைசிப் படியிலிருந்து கற்பிப்பார். எல்லாவற்றையும் அம்மா செய்துவிட்டு, துளைக்குள் பாதி நுழைந்த பொத்தானை மறுபக்கம் இழுக்கும் வேலையை மட்டும் பிள்ளைக்கு விடுவார். வேலையை முடித்த சந்தோஷம் முதல் நாளே பிள்ளைக்குக் கிடைக்கும். அது கைவந்ததும் அதற்கு முந்திய படி, பிறகு அதற்கும் முந்தியது. பயிற்சிக்குப் பாடசாலைச் சட்டையைவிடப் பெரிய பொத்தான் வைத்த பழைய சட்டை நல்லது. வான் வரும் அவசரத்தில் பழக்குவதைவிடப் பின்னேரம் பழக்குவது நல்லது.

கொஞ்சம் வளர்ந்த, பேசிப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்குக் கனடாவில் ஹெலன் பொலடாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் வளர்த்தெடுத்த முறை இன்னும் அழகானது. என்ன கற்க வேண்டும் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். எப்படிச் செய்யலாம் என்று பிள்ளையே திட்டம் போட வேண்டும். செய்து பார்த்து, சரி வந்ததா என்று தானே சரிபார்க்க வேண்டும். பெரியவர் விடையைச் சொல்லாமல், "மகன், இந்த முறை லேஸ் ஏன் அவிழ்ந்தது?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பார். பிள்ளை கண்டுபிடித்த வழி பிள்ளையோடு நிற்கும். சப்பாத்துக்குக் கண்டுபிடித்ததைச் சைக்கிளுக்கும் பயன்படுத்தும்.

எழுத்து இதைவிடச் சிக்கலானது. கண்டியின் தமிழ்மொழிப் பாடசாலையில் பிள்ளை தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று வரிவடிவங்களை எழுதுகிறது. தமிழிலும் சிங்களத்திலும் வளைவுகளும் சுழிகளும் அதிகம். ண, ழ, இ போன்ற எழுத்துகளில் கை ஒரே ஓட்டத்தில் பலமுறை திசை மாற வேண்டும். அசைவுகளைத் திட்டமிடுவதில் தடுமாறும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று கரும்பலகையின் முன் நிற்பவருக்குத் தெரிவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது கதிரை. கால் தரையில் படாமல் தொங்கினால் உடல் நிலையாக நிற்காது, உடல் நிற்காவிட்டால் கை நிற்காது. காலுக்கடியில் ஒரு பலகைப் பெட்டி வைத்தாலே பாதிப் பிரச்சினை தெளிவாகும். அதன் பிறகு எழுத்தை எழுதித்தான் பழக வேண்டும். கையெழுத்துப் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளியான மதிப்பீடு, எழுத்துப் பயிற்சி சேராத சிகிச்சைகளும், 20 அமர்வுகளுக்குக் குறைந்த பயிற்சிகளும் பலன் தரவில்லை என்று கண்டது. அப்படியும் எழுதுவது வேதனையாகவே இருக்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுப்பதும், வாய்மொழியாக விடை கேட்பதும் சலுகை ஆகாது. பிள்ளைக்குத் தெரிந்ததை அறிய அதுவே நேர்மையான வழி.

நம் சமையலறையும் நல்ல சிகிச்சைக் களம். தேங்காய் துருவுவது, ரொட்டிக்கு மா குழைப்பது, இடியப்ப உரலை அழுத்துவது எல்லாம் தோளுக்கும் கைக்கும் பாரமான வேலைகள். கூடவே அவை குடும்பத்துக்குத் தேவையான, முடிவில் சாப்பிடக் கிடைக்கிற வேலைகள். சோற்றைக் கறியோடு பிசைந்தால் குமட்டுகிற பிள்ளை பல வீடுகளில் உண்டு. அதற்கு வாயைத் திறந்து திணிப்பது பயத்தைத்தான் வளர்க்கும். சோறு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், தொடுவதும் மணப்பதும் பிள்ளையின் விருப்பம் என்று விட்டு, மா குழைக்கும்போது கையில் ஒட்டுவதைப் பழக்கிக்கொண்டு வருவது மெதுவான வழி. ஒரு சில உணவுகளை மட்டுமே தின்று நிறை குறையும் பிள்ளையை மருத்துவரும் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் சொல்லித்தர ஆள் எங்கே என்பதுதான் குண்டசாலைத் தாயின் கேள்வி. பிள்ளைகளுக்கான சிறப்பு மருத்துவத்துக்கு அவர் போக வேண்டியது பெரும்பாலும் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு. தென்னக்கும்புரைப் பாலம் கடந்து கண்டி நகருக்கு ஒரு பஸ், நகரின் நெரிசலுக்குள் இறங்கிப் பேராதனைக்கு இன்னொன்று. ஓசையைத் தாங்காத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த வழியைக் கடப்பதே ஒரு சோதனை. அங்கே கிடைக்கும் நேரம் குறைவு, அடுத்த தவணை வாரங்களுக்கு அப்பால். தமிழில் விளக்கிச் சொல்லும் சிகிச்சையாளர் கிடைப்பது அதிர்ஷ்டம். ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் ஆயதி நிலையம் போன்றவை நல்ல முன்மாதிரிகள், ஆனால் அவை மேல் மாகாணத்தில் இருக்கின்றன.

தொலைவின் இந்தச் சிக்கலுக்கு இலங்கையிலேயே பாதி விடை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சக ஆய்வாளர்களும் ஒரு பகுதி நகர்ப்புறச் சமூகத்தில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகள் 374 பேரைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஆட்டிசம் இருப்பதாக 2009இல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான், என்றாலும் இது மேற்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்ற பேச்சை அது முடித்துவைத்தது. அந்த ஆய்வின் இன்னொரு பாடம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. வெளிநாட்டு வினாத்தாளைச் சிங்களத்தில் பெயர்த்துத் தாய்மாரிடம் கேட்டபோது அது பெரும்பாலான பிள்ளைகளைத் தவறவிட்டது. "உங்கள் பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுமா?" என்ற கேள்விக்கு அன்புள்ள எந்தத் தாயும் ஆம் என்றே சொல்லிவிடுவார். ஆகவே அந்தக் குழு, நடத்தைகளைப் புகைப்படங்களாகக் காட்டி, உங்கள் பிள்ளை இப்படிச் செய்கிறதா என்று கேட்கும் படக் கருவியை உருவாக்கி 2017இல் வெளியிட்டது. 18 முதல் 40 மாதப் பிள்ளைகளின் தாய்மாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே தினமும் பிள்ளையோடு வேலை செய்யவைத்தபோது சில மாதங்களில் முன்னேற்றம் தெரிந்ததையும் 2016இல் பதிவு செய்தார்கள். அது குலுக்கல் முறைச் சோதனை இல்லை என்பதால் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆயினும் வழி எந்தப் பக்கம் என்று அது காட்டுகிறது.

மறுபாதி விடை தமிழ்நாட்டில், தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் இருக்கிறது. முதுகுத்தண்டு காயத்தால் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் பிள்ளையின் நிலையைக் கைபேசிச் செயலியில் பதிய, தொழில்வழி, உடற்பயிற்சி, பேச்சுச் சிகிச்சையாளர்கள் பின்னாலிருந்து வழிநடத்துகிறார்கள். ஒரு சிகிச்சையாளரின் அறிவு பல கிராமங்களுக்குப் போய்ச் சேர்கிறது.

நம்மிடம் அதைவிடப் பெரிய வசதி ஏற்கெனவே இருக்கிறது. குழந்தை பிறந்த வீட்டுக் கதவைத் தட்டும் குடும்பநல உத்தியோகத்தர், ஊருக்கு ஊர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, தடுப்பூசியும் நிறையும் பதியும் கிளினிக் புத்தகம், அதே புத்தகத்தில் பிள்ளையின் வளர்ச்சிப் படிகளைக் குறிக்கும் பக்கம். இளம்பிள்ளைவாதத்தை விரட்டிய அமைப்பு இது. குண்டசாலை போன்ற பிரிவுகளின் கிளினிக்குகளுக்கு மாதம் ஒருமுறையாவது தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வந்து, அங்கேயே தாய்மாருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பழக்கிக் கொடுத்தால், பேராதனைக்கான பஸ் பயணங்களில் பெரும்பகுதி தேவைப்படாது. மத்திய மாகாண சுகாதார அதிகாரிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் வளர்வதை நாம் மறந்துவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சிகிச்சை என்றதும் சின்னஞ்சிறுவர் நினைவுக்கு வருவதால், பதினான்கு வயதில் உதவி நின்றுபோகிறது. அந்த வயதில்தான் மாதவிடாயைச் சமாளிப்பது, முகம் மழிப்பது, திகண பஸ்ஸில் தனியே ஏறி மிச்சக் காசை எண்ணி வாங்குவது, ஒரு நாளின் வேலைகளைத் தானே ஒழுங்குபடுத்துவது எல்லாம் வருகின்றன. இவை ஒவ்வொன்றும் பொத்தானைப் போலவே படிப்படியாகப் பழகக்கூடியவை. சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை முதலிய இடங்களில் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தொழிலிலும் கல்வி நிலையங்களிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கை, வேலைத்தலம் அந்த ஆளுக்கேற்ப நியாயமான அளவு மாற வேண்டும் என்கிறது. சத்தம் குறைந்த ஒரு மூலை, எழுத்தில் கொடுக்கப்படும் அறிவுறுத்தல், மாறாத நேர அட்டவணை ஆகியவற்றைக் கொடுக்க ஒரு முதலாளிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விருப்பமானதை விரலால் சுட்டிக் காட்டாத, ஒன்றரை வயதிலும் சொல் எதுவும் வராத பிள்ளை வீட்டில் இருந்தால், ஆண்பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள் என்ற உறவினர் ஆறுதலில் ஒரு வருடத்தைக் கழிக்க வேண்டாம். முன்பள்ளிக்குப் போன பிறகு பார்க்கலாம் என்றும் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வளர்ச்சிப் பக்கத்தைத் திறந்து வைத்து, நீங்கள் பார்த்ததைக் குடும்பநல உத்தியோகத்தரான மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பிள்ளையை மேற்கொண்டு பரிசோதனைக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள்.